பத்து லட்சம் வாக்குகளும் ஒரு நாற்காலியும்: ஃபிக்ரெத் அப்திச்சின் எழுச்சியும் நீக்கமும்

1990 நவம்பர் 18 அன்று, அப்போது யூகோஸ்லாவியாவின் ஆறு குடியரசுகளில் ஒன்றாக இருந்த போஸ்னியா-ஹெர்செகோவினாவில் முதல் பலகட்சித் தேர்தல் நடந்தது. ஏழு பேர் கொண்ட தலைமைக் குழுவுக்கான அந்தத் தேர்தலில் மிக அதிக வாக்குகள் பெற்றவர் ஃபிக்ரெத் அப்திச். அவருக்கு விழுந்தவை 10 லட்சத்து 45 ஆயிரத்துக்கும் மேல். அவருடைய கட்சியின் தலைவரும் அதே குழுவுக்குப் போட்டியிட்டவருமான அலியா இசெத்பெகோவிச் பெற்றவை ஏறத்தாழ 8 லட்சத்து 79 ஆயிரம். ஆயினும் குழுத் தலைவர் பொறுப்பில் அமர்ந்தவர் இசெத்பெகோவிச். மூன்று ஆண்டுகள் கழிந்ததும் அப்திச் அந்தக் குழுவிலிருந்தே நீக்கப்பட்டார். அதற்குள் அவர் தன் சொந்த ஊரில் தனி ஆட்சி ஒன்றை அறிவித்திருந்தார்; அடுத்த இரண்டு ஆண்டுகள் அவருடைய ஆட்களும் தலைநகர் சரயேவோவிலிருந்த அரசின் படைவீரர்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். இரு தரப்பினரும் ஒரே மதத்தவர், ஒரே மொழி பேசுபவர்கள், பல குடும்பங்களில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

போஸ்னியப் போரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் சரயேவோ முற்றுகையும் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையும் இடம்பெறுவது இயல்பு. அவற்றின் கொடுமை அத்தகையது. ஆனால் பல ஆண்டுகளாக அந்நாட்டின் வரலாற்றைப் படித்துவரும் எனக்கு, வடமேற்கு மூலையில் நடந்த இந்தச் சிறு போர்தான் மீண்டும் மீண்டும் கேள்வியாக எழுகிறது. இனங்களுக்கிடையே அதிகாரத்தைப் பங்கிடும் எந்த ஏற்பாடும், விரிசல் விழுவதானால் இனத்துக்கும் இனத்துக்கும் நடுவில்தான் விழும் என்று கருதிக்கொண்டு கட்டப்படுகிறது. அப்திச்சின் வாழ்க்கையில் விரிசல் ஓர் இனத்தின் உள்ளேயே விழுந்தது. அதைக் கணக்கில் எடுக்கவோ சரிசெய்யவோ அந்த ஏற்பாட்டிடம் எந்த வழியும் இருக்கவில்லை என்பதே என் எண்ணம்.

முதலில் அந்த ஏற்பாடு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1991ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி போஸ்னியாவில் சுமார் 43.7 லட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் பின்னாளில் போஸ்னியாக்குகள் என்று அழைக்கப்பட்ட முஸ்லிம்கள். 31 விழுக்காட்டினர் செர்பியர். 17 விழுக்காட்டினர் குரோவேஷியர். இவற்றில் எதிலும் சேராமல் தங்களை யூகோஸ்லாவியர் என்று பதிந்துகொண்டவர்கள் ஐந்து விழுக்காட்டுக்கும் சற்று மேல். தலைமைக் குழுவின் ஏழு இடங்களில் முஸ்லிம்களுக்கு இரண்டு, செர்பியருக்கு இரண்டு, குரோவேஷியருக்கு இரண்டு, மற்றவர்களுக்கு ஒன்று என ஒதுக்கப்பட்டிருந்தது. இடங்கள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டனவே தவிர, வாக்காளர்கள் பிரிக்கப்படவில்லை. எந்த இனத்து வாக்காளரும் எந்த இனத்து வேட்பாளருக்கும் வாக்களிக்கலாம். ஆகவே அப்திச் பெற்ற பத்து லட்சம் வாக்குகள் குடியரசு முழுவதிலிருந்தும் வந்தவை; ஆனால் அவர் அமர வேண்டிய இடமோ முஸ்லிம்களுக்கென்று குறித்து வைக்கப்பட்ட இரண்டில் ஒன்று. குழுவுக்குத் தலைவர் யார் என்பதை மக்கள் தீர்மானிக்கவில்லை. ஏழு உறுப்பினர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தனர்.

யார் இந்த அப்திச்? குரோவேஷிய எல்லையை ஒட்டிய வெலிகா கிளாதுஷா வட்டாரத்தின் சிற்றூர் ஒன்றில் 1939இல் பிறந்தவர். அந்த நிலப்பகுதிக்கு கிராயினா என்று பெயர். எல்லைப்புறம் என்று பொருள். ஒரு காலத்தில் ஒட்டோமான் பேரரசும் ஹாப்ஸ்பர்க் பேரரசும் நேருக்கு நேர் நின்ற இடம் அது. மலைப்பாங்கான, வறிய, கைவிடப்பட்ட மண். 1950 மே மாதம், கூட்டுப் பண்ணைகளையும் கட்டாயத் தானியக் கொள்முதலையும் எதிர்த்து அங்குள்ள விவசாயிகள் முஸ்லிம்களும் செர்பியர்களுமாகச் சேர்ந்து, யூகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோவின் கம்யூனிஸ்டு அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி உடனே ஒடுக்கப்பட்டது. மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன. பல குடும்பங்கள் ஊரைவிட்டே அப்புறப்படுத்தப்பட்டன. அதன் பிறகு நெடுங்காலம் அந்த வட்டாரத்தை அரசு திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்கள் ஸ்லோவேனியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும் கட்டட வேலைக்குப் போனார்கள். பெண்களும் முதியோரும் ஊரில் இருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் 1960களின் பிற்பகுதியில் ஒரு சிறு வேளாண் கூட்டுறவு அமைப்பின் பொறுப்பை ஏற்றார் அப்திச். அடுத்த இருபது ஆண்டுகளில் அது அக்ரோகொமெர்ட்ஸ் என்ற பெயரில் யூகோஸ்லாவியாவின் மிகப் பெரிய உணவுத் தொழில் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. கோழிப் பண்ணைகள், தீவனம், பதப்படுத்திய உணவு என்று விரிந்துகொண்டே போய், 13,000க்கும் மேற்பட்டோருக்கு வேலை தந்தது. எண்ணிக்கையைவிட அது இயங்கிய முறை முக்கியமானது. நிறுவனம் கோழிக்குஞ்சும் தீவனமும் தரும்; விவசாயி தன் வீட்டருகே கொட்டகை போட்டு வளர்ப்பார்; வளர்ந்ததை நிறுவனம் வாங்கிக்கொள்ளும். இதனால் சம்பளம் ஆலைக்குள் இருப்பவர்களோடு நிற்காமல் மலைச்சரிவிலிருந்த தனி வீடுகள் வரை போய்ச் சேர்ந்தது. ஊருக்குச் சாலை வந்தது. வெளிநாடு போன ஆண்களில் சிலர் திரும்பி வந்தனர். மக்கள் அவரை ‘பாபோ’ என்றார்கள். நம் ஊர்களில் ‘ஐயா’ என்று ஒருவரைச் சொல்லும்போது இருக்கும் உரிமையும் பணிவும் அந்த அழைப்பில் இருந்தன.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற சொல்லை வாழ்க்கை நெறியாகக் கொண்டவர்கள் நாம். கிளாதுஷா மக்கள் அப்திச்சிடம் வைத்த பற்றைப் புரிந்துகொள்ள எனக்கு வேறு எந்தக் கோட்பாடும் தேவைப்படவில்லை. அது இனப் பற்றும் அன்று, மதப் பற்றும் அன்று. அடுப்பு எரிந்ததற்கு யார் காரணம் என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வளர்ச்சிக்கு முதல் எங்கிருந்து வந்தது என்பது 1987இல் வெளியே தெரிந்தது. அக்ரோகொமெர்ட்ஸ் நிறுவனம் புரோநோட்டு எழுதி எழுதியே பணம் திரட்டியிருந்தது. சீட்டை எழுதுவது நிறுவனம். அதற்கு வங்கி பொறுப்பேற்று முத்திரை இடும். அந்த முத்திரையை நம்பி வேறு குடியரசுகளிலுள்ள வங்கிகள் பணம் தரும். பழைய சீட்டின் தவணை வரும்போது புதிய சீட்டு எழுதிப் பழையதை அடைப்பார்கள். ஈடாகக் காட்டப் பொருள் எதுவும் இல்லாமலே பல கோடி டாலர் மதிப்புள்ள சீட்டுகள் யூகோஸ்லாவியா முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தன. அந்நாட்டின் பல நிறுவனங்கள் இதே வழியில் காலம் தள்ளின என்பது உண்மை. ஆனால் இந்த அளவுக்கு எவரும் போகவில்லை. அப்திச் கைது செய்யப்பட்டார். நிறுவனம் நிலைகுலைந்தது, ஆயிரக்கணக்கானோரின் சம்பளம் நின்றது.

இந்தச் சீட்டுகள் இன்னொரு கூட்டுத் தலைமையையும் அசைத்தன என்பது இக்கதையில் பலர் கடந்துபோய்விடும் பகுதி. டிட்டோவுக்குப் பிறகு யூகோஸ்லாவியாவையே ஒரு கூட்டுத் தலைமைக் குழுதான் ஆண்டது. குடியரசுகளுக்கும் தன்னாட்சி மாகாணங்களுக்கும் ஒவ்வோர் இடம், ஆண்டுக்கு ஒருவர் தலைவர் என்ற சுழற்சி. 1987இல் அதன் துணைத் தலைவராக இருந்தவர் ஹம்தியா போஸ்தெராட்ஸ். அவர் அப்திச்சின் பக்கத்து ஊரான சாட்ஸினைச் சேர்ந்தவர்; போஸ்னிய முஸ்லிம் அரசியல்வாதிகளுள் மிக மூத்தவர்; 1988 மே மாதம் நாட்டின் தலைவராகும் முறை அவருடையது. அக்ரோகொமெர்ட்ஸின் பாதுகாவலர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு 1987 செப்டம்பரில் அவர் பதவி விலகினார். தலைவராகியிருக்க வேண்டிய நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே, 1988 ஏப்ரலில், இறந்துபோனார். போஸ்னியாவில் இன்றும் பலர் அந்த ஊழல் வழக்கையே யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில் திட்டமிடப்பட்ட அரசியல் வேட்டை என்று நம்புகிறார்கள். சீட்டுகள் போலியானவை என்பதையும், அவற்றை வெளியே கொண்டுவந்த நேரத்தில் அரசியல் இருந்தது என்பதையும் ஒருசேர ஏற்க முடியும் என்றே நான் கருதுகிறேன்.

சிறை அப்திச்சைச் சிறுமைப்படுத்தவில்லை, பெரியவராக்கியது. ஏழை முஸ்லிம் விவசாயிகளுக்கு வாழ்வு தந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர் என்ற பெயருடன் அவர் வெளியே வந்தார். அப்போது 1990. மே மாதம் தொடங்கப்பட்டிருந்த ஜனநாயகச் செயல் கட்சியின் தலைவர் இசெத்பெகோவிச்சும் சிறை கண்டவர். 1983இல் தம் எழுத்துக்காகவும் கருத்துக்காகவும் தண்டிக்கப்பட்டு 1988 வரை உள்ளே இருந்தவர். ஒருவர் மசூதியும் நூலகமும் சார்ந்த சரயேவோ நகரத்து மனிதர். மற்றவர் பழைய கம்யூனிஸ்டு நிர்வாகி, சரக்கையும் சந்தையையும் அறிந்தவர். இருவரையும் ஒரே கட்சியில் சேர்த்தது கொள்கை அன்று, தேர்தல் கணக்கு. கிராயினாவின் வாக்குகள் கட்சிக்கு வேண்டும். அப்திச்சுக்கு ஒரு கட்சி வேண்டும். தேர்தலுக்குச் சிறிது காலத்துக்கு முன்புதான் அவர் உள்ளே வந்தார்.

முடிவுகள் வந்தபோது முதலிடத்தில் இருந்தவர் விட்டுக்கொடுத்தார். ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அவருக்கு நெருக்கமான அலியா தெலிமுஸ்தாஃபிச்சுக்கு உள்துறை அமைச்சர் பதவி கிடைத்ததைச் சுட்டிக்காட்டி, அதுவே பேரத்தின் விலை என்பார்கள். கட்சி இசெத்பெகோவிச்சின் கையில் இருந்ததால், போட்டியிட்டாலும் குழுவுக்குள் வென்றிருக்க மாட்டார் என்றும் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். எனக்கு இதில் முதன்மையாகத் தெரிவது வேறொன்று: எல்லா இனத்தவரும் வாக்களித்து ஒருவரை முதலிடத்தில் நிறுத்திய பின்னும், அந்த முடிவுக்கு எந்த அதிகாரப் பொருளும் இல்லாதபடி விதி அமைந்திருந்தது. இடம் இனத்துக்குரியது, இனத்தின் குரல் கட்சிக்குரியது, கட்சி தலைவருக்குரியது என்ற சங்கிலியில் வாக்காளரின் விருப்பம் முதல் கண்ணியிலேயே அறுந்துவிட்டது. செர்பியருக்குரிய இடங்களில் கோல்யெவிச்சும் பிலாவ்ஷிச்சும், குரோவேஷியருக்குரியவற்றில் கிளுயிச்சும் போராஸும், மற்றவர்களுக்குரிய ஒற்றை இடத்தில் எயூப் கானிச்சும் அமர்ந்தனர். கானிச்சும் இசெத்பெகோவிச்சின் கட்சியைச் சேர்ந்த முஸ்லிம்தான். யூகோஸ்லாவியர் என்ற அடையாளத்தில் நின்று வென்றவர். எந்த இனத்தையும் சாராதவர்களுக்கென்று விடப்பட்ட ஒரே இடமும் இவ்வாறு இனக் கட்சிக்கே போய்ச் சேர்ந்தது.

அப்திச் சரயேவோவில் தங்கி அரசியல் செய்யவில்லை. பெரும்பாலும் கிளாதுஷாவில் இருந்து, நொடித்துப்போன நிறுவனத்தைத் தூக்கி நிறுத்துவதிலேயே கவனமாக இருந்தார். 1992 ஏப்ரலில், போஸ்னியா யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்ததை ஒட்டி, போர் மூண்டது. செர்பிய உறுப்பினர்கள் இருவரும் குழுவைவிட்டு வெளியேறினர். பிறகு மே 2 வந்தது.

அந்த ஒரு நாளைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். லிஸ்பன் பேச்சுவார்த்தை முடிந்து சரயேவோ விமான நிலையத்தில் இறங்கிய இசெத்பெகோவிச்சை, அவருடைய மகளோடு சேர்த்து, யூகோஸ்லாவிய ராணுவம் பிடித்துவைத்தது. நகரத்தில் அதே நேரம் கடும் சண்டை. தலைவர் எங்கே இருக்கிறார் என்பது எவருக்கும் தெரியாத நிலையில், தற்செயலாக விமான நிலையத்துக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பின் வழியே செய்தி வெளியே கசிந்தது. அன்று மாலை சரயேவோ தொலைக்காட்சியின் செய்தி அறிவிப்பாளர் செனாத் ஹாஜிஃபெய்சோவிச், படப்பிடிப்பு அரங்கில் இருந்தபடியே தொலைபேசித் தொடர்புகளை இணைத்து, சிறைப்பட்ட தலைவரையும் ராணுவத் தளபதிகளையும் தலைமைக் குழுவினரையும் ஒருவரோடொருவர் பேசவைத்தார். நாடு முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரலையில்தான் இசெத்பெகோவிச், தாம் இல்லாதபோது குழுவின் பொறுப்பைக் கானிச் வகிப்பார் என்று அறிவித்தார். மறுநாள், முற்றுகையில் சிக்கியிருந்த ராணுவத் தளபதி குகான்யாட்ஸ் நகரைவிட்டு வெளியேற வழிவிடுவதற்கு ஈடாக இசெத்பெகோவிச் விடுவிக்கப்பட்டார். அந்த ராணுவ வாகன வரிசை தொப்ரோவோல்யாச்கா தெருவில் தாக்கப்பட்டதும் படைவீரர் சிலர் கொல்லப்பட்டதும் இன்றுவரை தீராத வழக்காக இருக்கின்றன.

அந்த மே 2 அன்றே, எங்கோ வடமேற்கில் இருக்க வேண்டிய அப்திச், முற்றுகையிடப்பட்ட சரயேவோவில் வந்து நின்றார். எப்படி வந்தார், எதற்கு வந்தார் என்ற கேள்வி அன்றே எழுந்தது. இசெத்பெகோவிச்சை நீக்கிவிட்டு, பத்து லட்சம் வாக்குகளின் நியாயத்தோடு அப்திச்சை அமர்த்தும் சதி அது என்று சரயேவோவில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அது நிரூபிக்கப்படவில்லை; ஆகவே அதை நடந்ததாகச் சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் கானிச்சின் பெயரை எல்லாரும் கேட்கும்படி நேரலையில் சொல்ல வேண்டிய அவசியம் இசெத்பெகோவிச்சுக்கு ஏன் வந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். மக்கள் முதலாவதாகத் தேர்ந்த மனிதர் அதே ஊரில் இருக்கும்போது, வேறொருவரைப் பொறுப்பில் வைப்பதாகச் சிறையிலிருந்து சொல்லும் அளவுக்கு அந்தக் குழுவுக்குள் நம்பிக்கை வற்றிவிட்டிருந்தது.

அதன் பிறகு பிளவு வெளிப்படையாக வளர்ந்தது. கிளாதுஷாவையும் உள்ளடக்கிய பிஹாச் வட்டாரம் கிழக்கிலும் தெற்கிலும் போஸ்னியச் செர்பியர்களாலும், மேற்கிலும் வடக்கிலும் குரோவேஷியாவிலிருந்து பிரிந்த செர்பியர்களாலும் சூழப்பட்ட தீவாகிவிட்டது. சூழ்ந்திருந்தவர்களோடு பேசி, சரக்கு வாங்கி, விற்று, வழி திறந்து வைத்திருந்தவர் அப்திச். பிஹாச் நகரில் மாவுக்குத் தட்டுப்பாடு இருந்தபோதும் கிளாதுஷாவின் கடைகளில் பொருள் இருந்தது. போரிட்டு மீள முடியாது, ஆகவே விலை பேசி வாழலாம் என்பது அவருடைய நிலை. 1993 ஜூனில், போஸ்னியாவை இனவாரியாக மூன்றாகப் பிரிக்கும் திட்டம் ஜெனீவாவில் பேச்சுக்கு வந்தபோது இசெத்பெகோவிச் போக மறுத்தார். அப்திச்சும் குழுவின் உறுப்பினர்கள் பலரும் போனார்கள். மேற்கத்திய சமரசத் தூதர்களுக்கு அப்திச் நடைமுறை அறிந்த மனிதராகத் தெரிந்தார்.

1993 செப்டம்பர் 27. சரயேவோவில் அன்று போஸ்னியாக் பேரவை கூடியிருந்தது. சமாதானத் திட்டத்தை ஏற்பதா என்று இரண்டு நாள் விவாதித்து, பறிக்கப்பட்ட நிலங்கள் திருப்பித் தரப்பட்டால்தான் ஏற்போம் என்று முடிவு செய்தது. அதே நாளில் வெலிகா கிளாதுஷாவில் மேற்கு போஸ்னியா தன்னாட்சி மாகாணம் அறிவிக்கப்பட்டது; அதன் தலைவர் அப்திச். சரயேவோ அவரைத் தலைமைக் குழுவிலிருந்து நீக்கியது. அவருடைய இடம் தேர்தலில் முஸ்லிம் வேட்பாளர்களுள் அடுத்த நிலையில் இருந்த நியாஸ் துராகோவிச்சுக்குப் போனது. அக்டோபர் 21 அன்று போஸ்னியக் குரோவேஷியத் தலைவர் மாத்தே போபானோடும், மறுநாள் பெல்கிரேடில் போஸ்னியச் செர்பியத் தலைவர் ராதோவன் கராஜிச்சோடும் அப்திச் உடன்பாடு செய்துகொண்டார்.

அந்த நீக்கத்தை நான் தவறென்று சொல்லமாட்டேன். நாட்டின் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்துக்கொண்டு, தலைநகரைக் குண்டுவீசி அழித்துக்கொண்டிருந்தவர்களோடு கையொப்பமிடும் ஒருவரை எந்த அரசும் தன் தலைமையில் வைத்திருக்க முடியாது. ஆனால் அது எதை நீக்கியது? பெயர்ப்பலகையிலிருந்து ஒரு பெயரை. கிளாதுஷாவில் அவர் தந்த வேலையையும், அவர் கொண்டுவந்த மாவையும், நாற்பது ஆண்டுகளுக்கு முன் அரசிடம் அடிவாங்கிய ஊரின் மனக்கசப்பையும் சரயேவோவின் தீர்மானம் தொடக்கூட இல்லை. குழுவில் இருந்தவரை அவருடைய மக்களுக்குத் தலைநகரில் பேச ஓர் ஆள் இருந்தார், பெயரளவிலாவது. நீக்கிய பின் பேச வேண்டியவை எல்லாம் துப்பாக்கிக்கு விடப்பட்டன.

அடுத்து வந்ததை நான் எழுதவே தயங்குகிறேன். போஸ்னிய ராணுவத்தின் ஐந்தாம் படையணி ஏற்கெனவே செர்பியர்களை எதிர்த்துப் பிஹாச்சைக் காத்துவந்தது; இப்போது அதே படையணி அப்திச்சின் ஆட்களோடும் மோத வேண்டியதாயிற்று. அண்ணன் ஐந்தாம் படையணியில், தம்பி அப்திச்சின் படையில் என்று குடும்பங்கள் பிளந்தன. தன்னாட்சியை ஏற்காதவர்களை அப்திச்சின் நிர்வாகம் முகாம்களில் அடைத்தது, அடித்தது, சிலர் அங்கேயே இறந்தனர். 1994 கோடையில் ஐந்தாம் படையணியின் தளபதி அதிஃப் துதாகோவிச், தன் படைக்குள்ளேயே கலகம் மூண்டுவிட்டது போல நாடகம் நடத்தி அப்திச்சை ஏமாற்றினார். ஆகஸ்டில் கிளாதுஷா வீழ்ந்தது.

ஊர் காலியானது. ஏறத்தாழ 30,000 பேர், தங்களை மீட்க வந்த சொந்த நாட்டு ராணுவத்துக்கு அஞ்சி, செர்பியர்களின் கட்டுப்பாட்டிலிருந்த நிலத்துக்குள் ஓடினார்கள். குரோவேஷிய அரசு கதவைச் சாத்தியது. கார்லோவாட்ஸ் நகருக்கு வெளியே துரான் என்ற இடத்தில், குரோவேஷியப் படைக்கும் செர்பியப் படைக்கும் நடுவே, முந்தைய போரில் இடிந்து கண்ணிவெடி நிரம்பிக் கிடந்த சிற்றூரில் ஒரு பகுதியினர் தங்கினர். கூரையற்ற வீடுகளில் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டி, நிறுத்தி வைத்த டிராக்டர் வண்டிகளின் அடியில் படுத்தனர். இன்னொரு பகுதியினர் பத்னோகா என்ற இடத்தில் கோழிப் பண்ணைக் கொட்டகைகளில் அடைந்து கிடந்தனர். வாழ்நாளெல்லாம் கோழி வளர்த்துச் சம்பாதித்த குடும்பங்கள் அவை. அந்தத் தாழ்வான நீண்ட கொட்டகைகளின் வரிசைகளுக்கு நடுவே போர்வையைத் தொங்கவிட்டு, குடும்பத்துக்கு ஒரு மறைப்பு என்று பிரித்துக்கொண்டு, வெளியே மழைச் சேற்றில் அடுப்பு மூட்டினார்கள். ஊருக்குத் திரும்பலாம், மன்னிப்பு உண்டு என்று சரயேவோ அறிவித்தபோதும் பெரும்பாலோர் நகரவில்லை. பாபோ சொன்னால்தான் திரும்புவோம் என்றார்கள். அவரோ திரும்பச் சொல்லவில்லை. முகாம் ஆண்களைப் படைக்குத் திரட்டினார். அப்திச்சின் மேல் எனக்கு இருக்கும் மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதுதான். சோறு போட்ட கை என்று நம்பி வந்தவர்களை, அந்த நம்பிக்கையையே கயிறாக்கிக் கட்டிப்போட்டார்.

ஆண்டு இறுதியில் செர்பியப் படைகளின் துணையோடு அவர் கிளாதுஷாவை மீட்டார். 1995 ஜூலை 26 அன்று மேற்கு போஸ்னியாவைக் குடியரசாகவே அறிவித்தார். குரோவேஷியாவின் ‘புயல்’ தாக்குதலில் அவரைத் தாங்கி நின்ற செர்பியக் கிராயினா, அதாவது குரோவேஷியாவிலிருந்து பிரிந்த செர்பியர்களின் ஆட்சி, சரிந்ததும், ஆகஸ்டு 7 அன்று அந்தக் குடியரசும் மறைந்தது. மக்கள் மறுபடியும் ஓடினார்கள்; இம்முறை குப்லியென்ஸ்கோ என்ற பள்ளத்தாக்குச் சாலையின் ஓரம், பல மாதங்கள்.

போரை முடித்து, நாட்டைச் செர்பியக் குடியரசு, கூட்டமைப்பு என்ற இரு பகுதிகளாக்கிய 1995ஆம் ஆண்டின் டேட்டன் ஒப்பந்தம் தந்த புதிய தலைமைக் குழுவில் மூன்று இடங்கள்: போஸ்னியாக்குக்கு ஒன்று, குரோவேஷியருக்கு ஒன்று, செர்பியருக்கு ஒன்று. 1990இல் இருந்ததைவிட இது இன்னும் இறுகியது. செர்பிய உறுப்பினரை செர்பியக் குடியரசுப் பகுதி வாக்காளர்களும், மற்ற இருவரைக் கூட்டமைப்புப் பகுதி வாக்காளர்களும் மட்டுமே தேர்ந்தெடுக்கிறார்கள். ‘மற்றவர்கள்’ என்ற ஏழாவது இடமே எடுக்கப்பட்டுவிட்டது. யூதரும் ரோமா மக்களும் போட்டியிடவே முடியாத இந்த விதி பாகுபாடானது என்று 2009 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் அது நீடிக்கிறது. புதிய குழுவிலும் நீக்கங்கள் நடந்தன. குரோவேஷியர்களுக்குத் தனி நிர்வாகம் அறிவிக்க முயன்ற அன்தே யெலாவிச்சை 2001 மார்ச் 7 அன்றும், ஊழல் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டுப் பதவி விலக மறுத்த திராகன் சோவிச்சை 2005 மார்ச்சிலும், டேட்டன் ஒப்பந்தத்தின் நடைமுறையைக் கண்காணிக்கும் பன்னாட்டுச் சமூகத்தின் உயர் பிரதிநிதியே ஒற்றைக் கையொப்பத்தில் நீக்கினார். சோவிச் அதன் பிறகு தம் கட்சித் தலைவராகி, மறுபடியும் தேர்தலில் வென்று 2014இல் அதே குழுவில் அமர்ந்தார். நாற்காலியிலிருந்து நீக்கப்பட்டவர் மக்களிடமிருந்து நீக்கப்படவில்லை என்பது அங்கும் தெரிந்தது.

அப்திச் குரோவேஷியக் குடியுரிமை பெற்று ரியேக்கா நகரில் தொழில் செய்து வாழ்ந்தார். அதிபர் துஜ்மன் இருந்தவரை எவரும் தொடவில்லை. துஜ்மனின் மறைவுக்குப் பின் ஆட்சி மாறி, 2001இல் அவர் கைது செய்யப்பட்டார். குரோவேஷியா தன் குடிமகனை ஒப்படைக்க மறுத்ததால், போஸ்னியா ஆவணங்களை அனுப்பிவைக்க, வழக்கு கார்லோவாட்ஸ் நீதிமன்றத்தில் நடந்தது. குடிமக்களுக்கும் போர்க்கைதிகளுக்கும் எதிரான போர்க்குற்றங்களுக்காக 2002 ஜூலையில் 20 ஆண்டுச் சிறை. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை 15 ஆண்டுகளாகக் குறைத்தது. தீர்ப்பு வந்த அதே 2002இல், சிறையில் இருந்தபடியே, தலைமைக் குழுவின் போஸ்னியாக் இடத்துக்கு அவர் மறுபடியும் போட்டியிட்டார்; நாடளவில் மிகச் சிறு பங்கு வாக்குகளே கிடைத்தன. ஒரு காலத்தில் பத்து லட்சமாக இருந்தது ஒரு வட்டாரமாகச் சுருங்கிவிட்டது.

அந்த வட்டாரம் மட்டும் மாறவில்லை. 2012 மார்ச்சில் தண்டனையின் மூன்றில் இரண்டு பங்கு முடிந்து அவர் விடுதலையானபோது, வரவேற்க ஆயிரக்கணக்கானோர் எல்லை கடந்து சிறை வாசலுக்கு வந்திருந்தனர். 2016இல் வெலிகா கிளாதுஷாவின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020இல் பதவியைத் தவறாகப் பயன்படுத்திய புகாரில் கைதாகி, அந்த நவம்பரில் காவலில் இருந்தபடியே மீண்டும் வென்றார். அப்போது அவருக்கு வயது 81.

இந்த வெற்றிகளைப் பார்க்கும் சரயேவோக்காரர்கள் பலர், கிளாதுஷா மக்களை ஏமாந்தவர்கள் என்றோ துரோகிகள் என்றோ சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவருடைய முகாம்களில் பிள்ளைகளை இழந்தவர்களும் அதே ஊரில்தான் வசிக்கிறார்கள். அந்த வெற்றிகள் அவர்களுக்கு எத்தகைய காயம் என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் 1995க்குப் பிறகு அந்த ஊருக்கு வேறு யார் வேலை கொடுத்தார்கள், எந்தக் கட்சி வந்து ஆலையை மறுபடியும் ஓடவைத்தது, இரு தரப்புப் படைகளிலும் இறந்த பிள்ளைகளுக்காக எந்தத் தலைவர் ஒன்றாக அமர்ந்து துக்கம் கேட்டார் என்று கேட்காமல் அந்த வாக்குகளை எடைபோட முடியாது. தலைமைக் குழுவின் மூன்று இடங்களில் போஸ்னியாக்குகளுக்கென்று ஒன்று இருக்கிறது; அதில் அமர்ந்த எவரும் கிளாதுஷாவின் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பு தம்முடையது என்று இதுவரை எடுத்துக்கொள்ளவில்லை.